கிறிஸ்துமஸ் மரத்தை ஏரிக்குள் போடுவது ஏன்? மீன்களுக்கு தண்ணீருக்கடியில் 'வீடு' கட்டும் அமெரிக்கர்கள்... இதன் பின்னணி என்ன?

ஜனவரி மாதம் வந்துவிட்டால் அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஒரு வித்தியாசமான காட்சியைப் பார்க்கலாம். பண்டிகை முடிந்து வீட்டுக்கு வெளியே வைக்கப்பட்ட கிறிஸ்துமஸ் மரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், கான்கிரீட் கல்லைக் கட்டி, படகிலிருந்து ஏரிக்குள் தள்ளிவிடுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு 'ஏரியில் குப்பை கொட்டுகிறார்களே' என்றுதான் தோன்றும். ஆனால் இது குப்பை இல்லை. மீன்களுக்கான வீடு!

அரசு ஏரிகளில் மீன்வளத்துறை இதைச் செய்கிறது என்றால், சொந்தமாக ஏரி வைத்திருப்பவர்கள் ஒரு படி மேலே போய், தண்ணீருக்கடியில் எந்த ஆழத்தில் மரம், எங்கே கல், எங்கே சரளை என்று வரைபடம் போட்டே கட்டுகிறார்கள். எல்லாம் தூண்டில் போட்டால் நல்ல மீன் மாட்ட வேண்டும் என்பதற்காகத்தான்.

மரத்தைப் போட்டால் மீன் வருமா? வந்தால் பெருகுமா, இல்லை சும்மா ஒரே இடத்தில் கூடுமா? தப்பாகப் போட்டால் என்ன ஆகும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சொந்த ஏரியா? அது எப்படி?

நம்ம ஊரில் ஏரி, குளம் என்றால் பெரும்பாலும் ஊருக்குப் பொது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பண்ணை நிலத்துக்குள் ஓடும் சின்ன ஓடையை மண் அணை போட்டு மறித்து, சொந்தமாகக் குளமோ ஏரியோ உருவாக்கிக்கொள்வது சகஜம். 1930-களில் கடும் வறட்சியும் மண் அரிப்பும் விவசாயத்தை உலுக்கியபோது, மண்ணையும் நீரையும் காக்க பண்ணைக் குளம் வெட்டச் சொல்லி அரசே ஊக்கம் கொடுத்தது. இன்று அந்த நாட்டில் இப்படி லட்சக்கணக்கான குளங்கள் இருக்கின்றன.

குளம் வந்தாச்சு, அதில் மீன் விடலாமே என்ற கேள்வி அடுத்து வந்தது. அலபாமா மாநிலத்தில், இன்று ஆபர்ன் பல்கலைக்கழகம் என்று அழைக்கப்படும் நிறுவனத்தில் பணியாற்றிய ஹோமர் ஸ்விங்கிள் என்ற ஆய்வாளர், 1930-களில் இருந்தே சோதனைக் குளங்களை வைத்து இதை ஆராய்ந்தார். அவர் பிரபலப்படுத்திய ஜோடிதான் இன்றும் தனியார் ஏரிகளின் அடிப்படை. ஒன்று, வேட்டையாடும் 'லார்ஜ்மவுத் பாஸ்'. மற்றொன்று, அதற்கு இரையாகும் 'புளூகில்'.

பாஸ் மீனை நம்ம ஊர் விராலோடு ஒப்பிட்டால் சுலபமாகப் புரியும். இரண்டும் வேறு வேறு இனம். ஆனால் பாசி, செடி, மரக்கட்டை என்று எதிலாவது மறைந்து நின்று, இரை பக்கத்தில் வந்ததும் பாய்ந்து கவ்வும் பழக்கம் இரண்டுக்கும் உண்டு. முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும் குணமும் உண்டு. புளூகில் என்பது உள்ளங்கை அளவுக்கு வளரும் தட்டையான சின்ன மீன். கோடையில் பல முறை முட்டையிடும். அதனால் பாஸுக்கு சாப்பாடு தொடர்ந்து கிடைத்துக்கொண்டே இருக்கும்.

பிரச்னை எங்கே ஆரம்பிக்கிறது?

புதிதாக வெட்டிய ஏரியை மனதில் நினைத்துப் பாருங்கள். புல்டோசர் வைத்து மரம், புதர், வேர் எல்லாம் பிடுங்கி, தரையைச் சமப்படுத்தி, கரையைச் சீராக இழைத்து, அதன் பிறகு தண்ணீர் நிரப்புகிறார்கள். மேலே இருந்து பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மீனின் பார்வையில் அது ஒரு மொட்டைப் பாத்திரம். ஒளிய இடம் இல்லை. முட்டையிட நல்ல தரை இல்லை. காத்திருந்து வேட்டையாட மறைவு இல்லை.

இயற்கையான ஏரியில் இந்த வேலையைக் கரையோர மரங்கள் செய்கின்றன. வயதான மரம் சாய்ந்து தண்ணீருக்குள் விழும். கிளைகள் ஆழத்துக்குள் பரவும். குளிர் பிரதேச ஏரிகளில் பெரிய கட்டைகள் நூற்றுக்கணக்கான ஆண்டுகள்கூட மட்காமல் கிடக்கும். ஆனால் கரையில் வீடு கட்டும் மனிதர்கள் முதலில் செய்வதே இந்த மரங்களை அப்புறப்படுத்துவதுதான். நீந்த இடைஞ்சல், படகுக்கு இடைஞ்சல், பார்க்க அசிங்கம் என்று காரணம் சொல்வார்கள். ஏரிக்கரையில் வீடுகள் கூடக் கூட, தண்ணீருக்குள் கிடக்கும் மரங்கள் குறைகின்றன என்பதை விஸ்கான்சின், மிச்சிகன் பகுதி ஏரிகளில் நடந்த ஆய்வு 1996-லேயே காட்டியது.

மரத்தை எடுத்ததும் என்ன ஆச்சு? ஒரு ஏரியில் நடந்த சோதனை

மரத்தை எடுத்தால் மீனுக்கு நிஜமாகவே பாதிப்பு இருக்கிறதா? இதைத் தெரிந்துகொள்ள விஸ்கான்சின் மாநில ஆய்வாளர்கள் ஒரு முழு ஏரியையே சோதனைக்கூடமாக மாற்றினார்கள்.

'லிட்டில் ராக் லேக்' என்ற அந்த ஏரி ஏற்கெனவே வேறொரு ஆய்வுக்காகத் திரை போட்டு இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 2002-ல் ஒரு பகுதியில் கரையோரம் மூழ்கிக் கிடந்த மரக்கட்டைகளில் சுமார் 75 சதவிகிதத்தை வெளியே எடுத்தார்கள். மற்றொரு பகுதியை அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரே ஏரி, ஒரே தண்ணீர், ஒரே வெயில். வித்தியாசம் மரம் மட்டும்தான்.

முடிவு அதிர்ச்சியாக இருந்தது. மரம் எடுக்கப்பட்ட பகுதியில் 'யெல்லோ பெர்ச்' என்ற சின்ன மீன் கிட்டத்தட்ட காணாமலே போய்விட்டது. ஒளிய இடம் இல்லாததால் பாஸ் அவற்றை வேட்டையாடித் தீர்த்தது. முட்டையைச் சுற்றிவைக்க அவற்றுக்குக் கிளைகளும் இல்லை. அத்தனை இரையைத் தின்ற பாஸாவது கொழுத்ததா என்றால், அதுவும் இல்லை. இரை தீர்ந்ததும் கரையிலிருந்து தண்ணீரில் விழும் பூச்சி போன்றவற்றை நம்பி வாழ வேண்டிய நிலை. அதன் வளர்ச்சி வேகமும் குறைந்தது.

சரி, மரத்தைத் திருப்பிப் போட்டால் பழையபடி ஆகிவிடுமா? அதையும் பார்த்தார்கள். 2004-ல் அதே மாநிலத்தின் 'கேம்ப் லேக்' என்ற ஏரியில் 300-க்கும் மேற்பட்ட மரங்களைக் கரையிலிருந்து தண்ணீருக்குள் சாய்த்தார்கள். மீன்கள் மரத்தைத் தேடி வந்தன. பாஸ் அதிகமாக மீன் உணவு உண்ணத் தொடங்கியது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் மீன்களின் எண்ணிக்கையிலோ வளர்ச்சியிலோ பெரிய பாய்ச்சல் எதுவும் தெரியவில்லை.

அதாவது, கெடுப்பது வேகமாக நடக்கிறது. சரிசெய்வது மெதுவாகத்தான் நடக்கிறது. சொந்த ஏரிக்காரர்கள் கவனிக்க வேண்டிய முதல் பாடம் இது.

தண்ணீருக்குள் மரம் என்ன வேலை செய்கிறது?

மரத்தைப் போட்ட சில வாரங்களில் அதன் மேல் வழவழப்பாக ஒரு படலம் பிடிக்கும். அது பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்த படலம். அதைத் தின்ன பூச்சிப் புழுக்களும் நத்தைகளும் வரும். அவற்றைத் தின்ன சின்ன மீன் வரும். சின்ன மீனைத் தேடிப் பெரிய மீன் வரும்.

சிம்பிளாகச் சொன்னால், ஒரு மரம் என்பது ஒரே நேரத்தில் சாப்பாட்டுக் கடையாகவும் பாதுகாப்பான வீடாகவும் இருக்கிறது. மொட்டைத் தரையில் பாசி வளர ஒரே ஒரு தளம்தான். நூற்றுக்கணக்கான சின்னக் கிளைகள் கொண்ட மரத்தில் பாசி படரும் பரப்பு பல மடங்கு.

இன்னொரு கணக்கும் முக்கியம். ஒரு பாஸ் மீன் 1 பவுண்டு எடை கூட, சுமார் 10 பவுண்டு இரை மீன் தேவை என்பது மீன்வள ஆலோசகர்கள் பரவலாகச் சொல்லும் கணக்கு. ஆக, பெரிய பாஸ் வேண்டும் என்றால் பாஸுக்கு வீடு கட்டுவது மட்டும் போதாது. அதன் சாப்பாடான புளூகில் பெருகவும் வீடு கட்ட வேண்டும். பல பேர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

யாருக்கு எந்த மாதிரி வீடு?

ஏரிக்குள் மூன்று விதமான 'குடியிருப்பு' தேவை என்று பிரித்துக்கொள்ளலாம்.

*முதலாவது, பிரசவ அறை.* வசந்த காலத்தில் தண்ணீர் சுமார் 16 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் ஆண் பாஸ் கரையோர ஆழமற்ற பகுதிக்கு வந்து, வாலால் தரையைத் துடைத்துக் குழி பறிக்கும். பெண் மீன் முட்டையிட்டுப் போய்விடும். முட்டைக்குக் காவல் ஆண் மீன்தான். தண்ணீர் 21 டிகிரியை நெருங்கும்போது புளூகில் முட்டையிடத் தொடங்கும். அது தனியாகச் செய்யாது. பத்து, ஐம்பது, நூறு என்று கூட்டமாகப் பக்கத்துப் பக்கத்தில் குழி பறிக்கும். மேலே இருந்து பார்த்தால் தேன்கூடு மாதிரி இருக்கும்.

அடியில் சேறு மட்டும் இருந்தால் முட்டை புதைந்து மூச்சுத் திணறிவிடும். அதனால் 2 முதல் 4 அடி ஆழமுள்ள இடத்தில் பட்டாணி அளவு சரளைக் கல்லைப் பரப்பிவிடுகிறார்கள். அரை அடி கனத்துக்குக் கொட்டினாலே போதும். செலவு குறைந்த, பலன் நிச்சயமான வேலை இது.

*இரண்டாவது, குழந்தைகள் காப்பகம்.* பொரித்த குஞ்சுக்கு நெருக்கமான மறைவு வேண்டும். பெரிய மீன் தலையை நுழைக்க முடியாத அளவுக்கு இடுக்குகள் இருக்க வேண்டும். இங்கேதான் கிறிஸ்துமஸ் மரம் கைகொடுக்கிறது. அடர்த்தியான ஊசி இலைகளும் மெல்லிய கிளைகளும் குஞ்சுகளுக்குக் கோட்டை மாதிரி. முட்டையிடும் சரளைத் தரைக்குப் பக்கத்திலேயே இது இருக்க வேண்டும். நூறு அடி தள்ளி இருந்தால், போய்ச் சேர்வதற்குள் பாதி குஞ்சு பெரிய மீனின் வாய்க்குள் போயிருக்கும்.

*மூன்றாவது, வேட்டை மேடை.* பெரிய பாஸுக்கு அடர்ந்த புதர் பிடிக்காது. உள்ளே நுழைந்து திரும்ப இடம் வேண்டும். அதனால் பெரிய இடைவெளி கொண்ட தடித்த கிளை மரங்கள், அடிமரக் கட்டைகள், பாறைக் குவியல்கள் இதற்குப் பொருத்தம். ஆழமும் ஆழமற்ற பகுதியும் சந்திக்கும் விளிம்பில் இவற்றை வைப்பார்கள். ஏனென்றால் சின்ன மீன்கள் கடந்துபோகும் பாதை அது.

இந்த மூன்றையும் தனித்தனித் தீவாக விடாமல், நடுவில் சின்னச் சின்ன மறைவுகளை வைத்து இணைப்பது நல்ல வடிவமைப்பு. ஆழமற்ற கரையிலிருந்து ஆழமான பகுதி வரை, பேருந்து நிறுத்தம் மாதிரி அங்கங்கே ஒன்று. மீன்கள் பருவத்துக்கு ஏற்ப அந்த வழியில் மேலும் கீழும் நகரும்.

நிறையப் போட்டால் நிறைய மீன் கிடைக்குமா?

இல்லை. இதுதான் பலருக்கும் ஆச்சரியம் தரும் விஷயம்.

ஆய்வகத் தொட்டிகளில் செயற்கைத் தண்டுகளை நட்டு 1980-களின் தொடக்கத்தில் ஒரு சோதனை நடந்தது. தண்டுகள் குறைவாக இருந்தவரை பாஸ் வழக்கம்போல புளூகில்லைப் பிடித்தது. ஒரு சதுர மீட்டருக்கு 250 தண்டுகள் என்ற அளவுக்கு நெருக்கம் கூடியபோது பாஸின் வேட்டை கிட்டத்தட்ட படுத்தேவிட்டது. பார்க்க முடியவில்லை, துரத்த முடியவில்லை.

புளூகில் பிழைத்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். இல்லை. எல்லாக் குஞ்சும் பிழைத்தால், இருக்கிற சாப்பாட்டை ஆயிரக்கணக்கான வாய்கள் பங்கு போடும். எந்த மீனும் வளராது. ஏரி முழுக்க விரல் நீள மீன்தான் இருக்கும். பாஸும் இரையைப் பிடிக்க முடியாமல் மெலியும். எதிர்ப்பக்கம் மறைவே இல்லாவிட்டால் இரை தீர்ந்து, பட்டினி பாஸ் மட்டும் மிஞ்சும்.

அதனால்தான் ஆலோசகர்கள் ஏரிப் பரப்பில் சுமார் 10 முதல் 25 சதவிகிதம் வரை மறைவிடம் இருந்தால் போதும் என்கிறார்கள். நீர்ச்செடிகள் ஏற்கெனவே நிறைய இருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். செடி மண்டிக் கிடக்கும் ஏரியில் மேலும் மரம் போடுவது காசுக்குக் கேடு.

ஆழம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்

நல்ல மரம், நல்ல கல், நல்ல திட்டம். ஆனால் போட்ட ஆழம் தப்பு என்றால் எல்லாம் வீண். எப்படி?

கோடையில் ஏரித் தண்ணீர் அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். மேலே வெயிலில் சூடான லேசான தண்ணீர். கீழே குளிர்ந்த கனமான தண்ணீர். நடுவில் வெப்பநிலை சட்டென்று இறங்கும் ஓர் எல்லை. கிணற்றில் குதித்தவர்களுக்கு இது தெரியும். இடுப்பு வரை வெதுவெதுப்பு, கால் பக்கம் ஜில்லென்று இருக்குமே, அதுதான்.

மேல் அடுக்கு காற்றிலிருந்தும் பாசியிலிருந்தும் ஆக்சிஜன் பெறும். கீழ் அடுக்குக்கு அந்த வழி அடைபட்டுவிடும். அங்கே மட்கும் பொருட்கள் இருக்கிற ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். இந்த மீன்கள் நன்றாக இருக்க ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து.

சின்ன ஏரிகளில், குறிப்பாக அமெரிக்காவின் தென் மாநிலங்களில், கோடையில் இந்த எல்லை 10 அடிக்கும் குறைவான ஆழத்திலேயே வந்துவிடலாம். அப்படிப்பட்ட ஏரியில் 18 அடி ஆழத்தில் மரத்தைப் போட்டால், கோடை முழுக்க அது காலி வீடுதான். வாடகைக்கு யாரும் வர மாட்டார்கள்!

இதற்கு என்ன வழி? ஆகஸ்ட் மாத வெயிலில் ஆக்சிஜன் மீட்டரை ஒவ்வோர் அடியாக இறக்கிப் பார்த்து, எந்த ஆழம் வரை மீன் வாழ முடியும் என்று குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான மறைவிடங்கள் அதற்கு மேலேதான் அமைய வேண்டும். அடியில் குழாய் போட்டுக் காற்றுக் குமிழி விடும் கருவி வைத்திருக்கும் ஏரிகளில் மட்டும் இன்னும் ஆழத்துக்குப் போகலாம்.

உயரமான மரத்தை நிமிர்த்தி நிறுத்துவதிலும் ஒரு லாபம் உண்டு. படுக்கப் போட்ட மரம் ஒரே ஆழத்தில் கிடக்கும். நிற்கும் மரத்தில், மீன் பருவத்துக்குத் தகுந்த மாதிரி மாடி மாறிக்கொள்ளலாம்.

மரமா, பிளாஸ்டிக்கா, கல்லா?

*மரம்:* விலை குறைவு, பலன் சீக்கிரம். பாசிப் படலம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் மென்மையான கிறிஸ்துமஸ் மரம் சில ஆண்டுகளில் கிளை உதிர்ந்து வெறும் தண்டாகிவிடும். ஓக், சீடார் போன்றவை நீண்ட நாள் தாங்கும். பச்சை இலையோடு பெரிய குவியலாக ஒரே நேரத்தில் சின்னக் குளத்தில் தள்ளுவது ஆபத்து. இலை அழுகும்போது ஆக்சிஜன் குறையும்.

*மூங்கில்:* பக்கெட்டில் சிமெண்ட் கலவை ஊற்றி, நடுவில் மூங்கில்களை நட்டு இறக்கிவிடுகிறார்கள். வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய முறை.

*பிவிசி குழாய்:* சதுரச் சட்டம் செய்து அதைச் சுற்றி நெளிவுள்ள பிளாஸ்டிக் குழாயைச் சுருட்டிவிடும் 'ஜார்ஜியா க்யூப்' போன்ற அமைப்புகள் பிரபலம். பல ஆண்டுகள் மட்காது. தூண்டில் முள்ளும் அவ்வளவாகச் சிக்காது. வழவழப்பான குழாயைவிட நெளிவுள்ள, சொரசொரப்பான குழாயில் பாசி நன்றாகப் படியும். ஆனால் மட்காத பொருள் என்பது உடைந்தாலும் ஏரியிலேயேதான் கிடக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

*கல்:* ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் இருக்கும். இடுக்குகளில் 'க்ரேஃபிஷ்' என்ற நன்னீர் இறால் வகை குடியேறும். அது பாஸுக்கு விருந்து.

*எதைப் போடவே கூடாது?* பழைய டயர், ரசாயனம் ஏற்றிய கட்டை, பெயின்ட் அடித்த பலகை, பனி மாதிரி ஸ்ப்ரே அடித்த அலங்கார மரம். ஆர்சனிக் கலந்த ரசாயனம் ஏற்றப்பட்ட பழைய கட்டைகள் தண்ணீரில் விஷத்தைக் கசியவிடும்.

டயர் விஷயத்தில் உலகமே மறக்காத ஒரு பாடம் இருக்கிறது. 1970-களில் ஃப்ளோரிடா மாநிலத்தின் ஃபோர்ட் லாடர்டேல் கடற்கரைக்கு அப்பால், மீன்களுக்குச் செயற்கைத் திட்டு அமைக்கிறோம் என்று சுமார் 20 லட்சம் டயர்களைக் கடலில் இறக்கினார்கள். பெயர் 'ஆஸ்போர்ன் ரீஃப்'. கட்டியிருந்த கட்டுகள் துருப்பிடித்து அறுந்தன. டயர்கள் அலையில் உருண்டு, பக்கத்தில் இருந்த இயற்கைப் பவளப்பாறைகளையே நொறுக்கின. பிற்பாடு ராணுவ நீச்சல் வீரர்களை இறக்கி அவற்றை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. நல்ல எண்ணத்தில் செய்தாலும், பொருளும் கட்டும் தப்பானால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

வேலை எப்படி நடக்கிறது?

முதல் வேலை, படகில் சோனார் கருவியோடு சுற்றி வந்து ஆழ வரைபடம் எடுப்பது. அடுத்து மேலே சொன்ன ஆக்சிஜன் சோதனை. அதன் பிறகுதான் எங்கே என்ன வைப்பது என்று முடிவு.

தண்ணீரைத் திறந்துவிட வசதியுள்ள ஏரிகளில் குளிர்காலத்தில் மட்டத்தைக் குறைத்து, காய்ந்த தரையில் நடந்தே வேலையை முடிப்பார்கள். மற்ற இடங்களில் படகிலிருந்து இறக்க வேண்டும். மரம் மிதக்கும் என்பதால் அடிமரத்தில் கான்கிரீட் கல்லைக் கட்டுவது கட்டாயம். துருப்பிடிக்கும் கம்பியோ மட்கும் கயிறோ வேண்டாம்.

வடக்கு மாநிலங்களில் சிலர் உறைந்த ஏரியின் பனிக்கட்டி மேல் மரத்தை வைத்துவிட்டு, பனி உருகும்போது தானாக மூழ்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். வேலை மிச்சம்தான். ஆனால் பனிக்கட்டி உடைந்து நகரும்போது மரமும் கூடவே போய் எங்கோ விழும்.

தனித்தனியாக நாற்பது இடத்தில் போடுவதைவிட, ஐந்தாறு மரங்களைச் சேர்த்து ஒரு கொத்தாக வைப்பது மீனை நன்றாக இழுக்கும். ஒவ்வொரு கொத்தையும் ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்வார்கள். படகுத்துறையிலிருந்தோ கரையிலிருந்தோ தூண்டில் எட்டும் தூரத்தில் சில கொத்துகள் இருந்தால் குழந்தைகளும் வயதானவர்களும் மீன் பிடிக்கலாம்.

எங்கே வைக்கக் கூடாது என்பதும் முக்கியம். அணையின் மதகு, உபரி நீர் வெளியேறும் வழி, நீந்தும் இடம், டைவ் அடிக்கும் இடம் இவற்றின் பக்கத்தில் கூடவே கூடாது. வெள்ள நேரத்தில் மரம் மிதந்து போய் மதகை அடைத்தால் அணைக்கே ஆபத்து. பொது ஏரி என்றால் அனுமதி இல்லாமல் எதையும் இறக்க முடியாது.

அரசே பெரிய அளவில் செய்த உதாரணமும் உண்டு. அரிசோனா, கலிஃபோர்னியா எல்லையில் உள்ள ஹவாசு ஏரியில் 1990-களில் தொடங்கிய திட்டத்தில், சுமார் 875 ஏக்கர் பரப்பில் செயற்கை மறைவிடங்கள் அமைக்கப்பட்டன.

மீன் பெருகுகிறதா, வெறுமனே கூடுகிறதா?

இந்தத் துறையில் இன்னும் ஓயாத விவாதம் இதுதான். மரத்தைப் போட்ட இடத்தில் மறுவாரமே மீன் மாட்டுகிறது. உடனே 'மீன் பெருகிவிட்டது' என்று சந்தோஷப்படுகிறார்கள். ஆனால் ஏரி முழுக்கச் சிதறி இருந்த மீன்கள் ஒரே இடத்தில் கூடியதாலும் அப்படித் தெரியலாம்.

இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை. கூடிய மீனைப் பெருகிய மீன் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால், ஏரி சீக்கிரமே காலியாகும். மறைவிடம் மீன் பிடிப்பதைச் சுலபமாக்குகிறது. அதனால் கட்டுப்பாடும் கூடவே வேண்டும். எத்தனை மீன், எந்த அளவு, எந்த இடத்தில் பிடித்தது என்று நோட்டில் எழுதி வைக்கும் ஏரிக்காரர்தான் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பார்.

முட்டையிடும் சரளைத் தரை, குஞ்சுகளுக்கான அடர்ந்த மறைவு இரண்டும் மீனைப் பெருக்கும் வாய்ப்பு அதிகம். வேட்டை மேடைகள் மீனைக் கூட்டும் வாய்ப்பு அதிகம். வேட்டை மேடைக்கு மட்டும் செலவு செய்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டால், முதல் வருடம் நன்றாக இருக்கும், பிறகு ஏமாற்றம்தான்.

நம்ம குளத்திலும் பாஸ் விடலாமா?

வேண்டவே வேண்டாம். உலகின் மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர் குழு வெளியிட்ட பட்டியலில் லார்ஜ்மவுத் பாஸும் இருக்கிறது. சொந்த ஊரில் ஹீரோவாக இருக்கும் மீன், அடுத்த ஊரில் வில்லனாகிவிடும்.

இதற்கு ஜப்பான் சாட்சி. 1925-ல் அங்கே பாஸ் கொண்டுவரப்பட்டது. 1960-ல் அமெரிக்கா சென்ற பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்கு சிகாகோ மேயர் புளூகில் மீன்களைப் பரிசளித்தார். அவை ஜப்பானின் நீர்நிலைகளில் பரவி, உள்ளூர் மீன்களை அழிக்கத் தொடங்கின. பேரரசரான பிறகு, 2007-ல் பிவா ஏரி அமைந்துள்ள ஷிகா மாகாணத்துக்கு வந்தபோது, தன்னால் வந்த இந்த மீன் இப்படி ஆனதே என்று அகிஹிட்டோ வெளிப்படையாக வருந்தினார். 2005 முதல் இந்த இரண்டு மீன்களையும் இறக்குமதி செய்வதும் வளர்ப்பதும் அங்கே சட்டப்படி தடை.

இன்னொரு சுவாரஸ்யம். 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 10 கிலோ எடையுள்ள பாஸ்தான் உலக சாதனை. 77 ஆண்டுகள் கழித்து, 2009-ல் அதைச் சமன் செய்தவர் ஜப்பானின் மனாபு குரிடா. பிடித்த இடம், அதே பிவா ஏரி!

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

மீன் வேண்டாம், யோசனையை எடுத்துக்கொள்ளலாம். உண்மையில் இது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. இலங்கையின் நீர்கொழும்பு களப்பில் சதுப்புநிலக் காட்டு மரக்கிளைகளை வட்டமாக நட்டு வைத்து, மீன்கள் வந்து தங்கிய பிறகு வலை சுற்றிப் பிடிக்கும் முறை நீண்ட காலமாக இருக்கிறது. தமிழ்நாட்டுக் கடலோரத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் மீன்வளத்துறையும் கான்கிரீட் அமைப்புகளைக் கடலுக்குள் இறக்கி, மீன்களுக்கான செயற்கைத் திட்டுகளை உருவாக்கி வருகின்றன. கடலானாலும் ஏரியானாலும் அடிப்படை ஒன்றுதான்: முட்டையிட இடம், ஒளிய இடம், சாப்பிட இடம்.

மறக்கக் கூடாத ஐந்து விஷயங்கள்

• முதலில் ஆழமும் ஆக்சிஜனும் அளக்க வேண்டும். மரம் அப்புறம்.

• பெரிய மீனுக்கு முன்னால் அதன் இரைக்கு வீடு கட்ட வேண்டும்.

• ஏரிப் பரப்பில் கால் பங்குக்கு மேல் மறைவிடம் வேண்டாம்.

• டயர், ரசாயனக் கட்டை, பெயின்ட் பலகை கூடாது. மதகுக்குப் பக்கத்தில் எதுவுமே கூடாது.

• மீன் கூடுகிறதா, பெருகுகிறதா என்று பதிவேடு வைத்துப் பார்க்க வேண்டும்.

கரையில் ஏற்கெனவே ஒரு மரம் தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கிறதா? யாருக்கும் ஆபத்து இல்லை என்றால் அதை எடுக்காமல் விடுவதுதான் இருப்பதிலேயே செலவில்லாத வேலை. அதை எடுத்துவிட்டுப் பிறகு காசு கொடுத்து பிளாஸ்டிக் மரம் வாங்கிப் போடும் ஏரிக்காரர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.